தண்ணீர் குடிக்க வரும் உழவாரன்

உழவாரன் குருவியைப் பார்த்தேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அது போன பிறகு அண்ணாந்தவர்கள். தலைக்கு மேலே யாரோ புதுத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். நிமிர்ந்தால் வெறும் வானம் இருக்கும். எங்கள் தோட்டத்துக் குளத்துக்கு வந்தவை மற்ற உழவாரன்களைவிடப் பெரியவை. கறுத்த உடம்பு, அரிவாள் போல் வளைந்த இறக்கை, வால் நுனியில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் இறகுகள். அவை எங்கேயாவது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் குடிப்பதுகூடப் பறந்தபடியேதான். வெயில் சாயும் நேரத்தில் ரப்பர் மரங்களுக்கு மேலிருந்து சரிந்து வந்து, குளத்தின்மேல் அலகால் ஒரு கோடு கிழித்துவிட்டு அக்கரையில் ஏறிப் போய்விடும். பறவை போன பிறகும் அந்தக் கோடு தண்ணீரில் கொஞ்சம் நிற்கும்.

எங்கள் தோட்டம் மலாயாவில், மூவார் ஆற்றுக்கு வடகரையில், ஃபெர்ரித் துறையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ரப்பர் பால் உறைய வைக்கும் ஸ்டோருக்காக வெட்டிய குளம் அது. அப்போதிருந்த பெரிய துரைக்குப் பறவைப் பைத்தியம். அவருடைய பங்களாவில் பஞ்சு அடைத்த பறவைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக நின்றன. உழவாரனையும் சுட்டு வைத்திருந்தார். ஆனால் சுட்டுக் கையில் எடுத்ததும் அது வேறு ஏதோ பறவையாகிவிட்டது என்று என் கணவரிடம் சொன்னாராம். வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பப் போகிறவர், அதற்கு முன்னால் உயிரோடு உழவாரன் தண்ணீரில் அலகை வைக்கிற படம் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். மலேரியா மாறி மாறி வந்து அவருக்குக் கை நடுக்கம். என் கணவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. நிதானமான கை உள்ளவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவார் டவுனில் ஒரு ஜப்பான்காரரின் படக்கடைக்குப் போய்ப் படம் எடுக்கவும் கழுவவும் பழகியவர். அப்படித்தான் துரையின் கேமரா எங்கள் வீட்டுக்கு வந்தது.

பெரிய கேமரா. மேற்புறம் தோலால் ஆன ஒரு குழாய் நிற்கும். அதற்குள் முகத்தைப் புதைத்தால் கீழே கண்ணாடியில் குளம் தெரியும், இடம் வலம் மாறி. வெளிச்சம் புகாமல் இருக்க என் கணவர் தலையோடு சேர்த்து ஒரு கறுப்புத் துணியும் போர்த்திக்கொள்வார். பறவை வருவது அவருக்குத் தெரியாது. தண்ணீரில் நட்டிருக்கும் மூங்கில் குச்சி மட்டும்தான் தெரியும். பறவை பெரும்பாலும் கடந்துபோகும் இடம் அது. ஆகவே அவருக்கு இன்னொரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன்.

ஆரம்பத்தில் பறவை குச்சியருகே வந்ததும் “இப்ப” என்பேன். படம் விழும் கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தால் தண்ணீரும் குச்சியும் மட்டும் இருக்கும். என் வாய் திறந்து, அது அவர் காதில் விழுந்து, அவர் விரல் அழுத்துவதற்குள் பறவை அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கும். பிறகு நாங்கள் வேறு வழி கண்டுபிடித்தோம். அக்கரையில் பட்டுப்போன ஒரு காட்டுமரம் நின்றது. பறவை அந்த மரத்தைத் தாண்டும்போதே, தண்ணீருக்கு இன்னும் வந்து சேராதபோதே, நான் சொல்லிவிட வேண்டும். நடக்காததை நடந்ததுபோலச் சொல்ல வேண்டும். இது எனக்கு எளிதாக வந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து என் மனம் அப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அவள் படியருகே போகுமுன் விழுந்து கிடப்பதைப் பார்ப்பேன். தும்முமுன் காய்ச்சலைப் பார்ப்பேன். சிங்கப்பூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணுக்கு இவ்வளவு பயம் ஏன் என்று என் கணவர் கேட்பார். படிக்காதவர்களுக்குப் பயப்பட இவ்வளவு விஷயம் கிடைக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன். அது சரியா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

புல் வெட்டப் போன பெண்கள் அந்த நேரத்தில்தான் குளத்துக் கரையோடு கூலிக் குடும்பங்கள் இருக்கும் லயத்துக்குத் திரும்புவார்கள். கறுப்புத் துணி போர்த்தி நிற்கும் என் கணவரைப் பார்த்து ஒருத்தி, “கிராணி ஐயா முக்காடு போட்டு நிக்கிறாரு, அம்மா காவல் நிக்கிறாங்க. ஐயாவைப் பொண்ணு பார்க்க வராங்க போல” என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். துணிக்குள்ளிருந்து என் கணவரும் சிரிப்பது தோள் குலுங்குவதில் தெரியும். அவர்களில் கொஞ்சம் வயதான ஒருத்தி மட்டும் ஒருநாள் சிரிக்காமல் என் அருகில் நின்றாள். என் குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்:

“அந்தக் குருவிக்கு நிக்கிறதுன்னா என்னன்னே தெரியாதும்மா. அதை நிப்பாட்டிப் பார்க்கக் கூடாது. நிப்பாட்டினா அதோட ஓட்டம் வேற எங்கயாவது போயி நிக்கும்.”

நான் படித்தவள். புன்னகை செய்தேன். வீட்டுக்குப் போய்க் குழந்தையின் கன்னத்தில் இருந்த மைப்பொட்டைப் பெரிதாக்கினேன்.

பறவை படத்தில் விழ ஆரம்பித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. அவ்வளவு வேகமாகப் போவதைப் பிடிக்க வேண்டுமானால் கேமராவின் கண் நாம் இமைப்பதற்குள் திறந்து மூடிவிட வேண்டும். அவ்வளவு சிறிய நேரத்தில் தகட்டுக்குள் போகும் வெளிச்சம் கொஞ்சம்தான், அதுவும் சாய்ந்த வெயிலில். கழுவிய தகட்டை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் மூச்சு விட்ட கண்ணாடி போல இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒரு பறவையின் நினைவு மாதிரி ஏதோ தெரியும். காகிதத்தில் பதித்தால் அதுவும் போய்விடும்.

அதற்கு மருந்து இருக்கிறது என்று படக்கடை ஜப்பான்காரர் ஒரு சிறு நீலப் புட்டியைக் கொடுத்து அனுப்பினார். இருட்டில் தொட்டால்கூட வேறு புட்டி என்று தெரியட்டும் என்று உடம்பெல்லாம் வரி வரியாகச் செய்திருந்தார்கள். உள்ளே வெள்ளைத் தூள். என் கணவர் எதையும் மறைக்கிறவர் இல்லை. பாதரசத்திலிருந்து செய்கிற விஷம் இது, நம் நாட்டு வைத்தியர்கள் பாஷாணங்களில் ஒன்றாகச் சொல்வதுதான் என்று வந்தவுடனே என்னிடம் சொன்னார். ஒரு சிட்டிகை போதும், பெரிய மனிதனையே முடித்துவிடும் என்றார். துரைக்குத் தெரியுமா என்று கேட்டேன். துரைதான் வாங்கச் சொன்னார் என்றார்.

அதை வெந்நீரில் கரைத்து ஆற வைத்துத் தட்டில் ஊற்றித் தகட்டை அதில் போடுவார். ஜன்னல் வெளிச்சத்திலேயே செய்யலாம் என்பதால் நானும் வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறேன். படத்தில் கறுப்பாக இருந்த இடமெல்லாம் மெல்ல வெளுத்து, பறவை சாம்பலால் ஆனதுபோல் ஆகிவிடும். முழுதும் வெளுத்த பிறகு வெளியே எடுத்துத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவார். பிறகு மூக்கைத் துளைக்கும் அமோனியாவில் நனைப்பார். அப்போது வெள்ளைப் பறவை ஒரே மூச்சில் கறுத்துவிடும், முன்பைவிட அழுத்தமாக, இறகு இறகாக. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் ஒரு அடி பின்னால் போவேன். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

குழந்தை அப்போது தவழ்வதை விட்டுப் பிடித்து நிற்கும் பருவம். கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். அதனால் புட்டியைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை அலமாரிக்கு மேல் ஏற்றினோம். சாவியை நான் தாலிக்கயிற்றில் கட்டிக்கொண்டேன். மருந்துத் தட்டுகளைச் சமையலறைக்குள் விடவில்லை. உபயோகித்த கரைசலை அவர் கொட்டாமல் வேறொரு புட்டியில் ஊற்றி அதே பெட்டியில் வைப்பார். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்குவார். இரண்டு பேரும் எவ்வளவு கவனமாக இருந்தோம் என்பதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. தூளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தகடுகளை அலசுவது குளியலறையில். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரை போட்ட சிறு அறை அது. சுவரில் ஒரு துவாரம். அதன் வழியாக வெளியேறும் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக வாழைக்கும், வாழையடியில் இருந்த கீரைப் பாத்திக்கும் போகும். எங்கள் ஜனங்கள் கடல் தாண்டி எந்த நாட்டுக்கு வந்தாலும் குளித்த தண்ணீரை வீணாக விடமாட்டார்கள். லயத்தில் எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும் பின்புறம் ஒரு வாழையும் ஒரு பாத்தியும் இருக்கும். அந்த வாய்க்காலை வெட்டியது நான்தான், கர்ப்பமாக இருந்தபோது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல குடும்பக்காரி என்று மெச்சினார்கள். சிவப்புத் தண்டுக் கீரை அந்தப் பாத்தியில் தளதளவென்று வளர்ந்தது. சோற்றோடு கீரையை மசித்துக் கொடுத்தால்தான் குழந்தை சாப்பிடுவாள். வேறு எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுவாள்.

முதலில் போனது பக்கத்து வீட்டுக் கோழி. பக்கத்து வீடு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸருடையது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு நிறையக் கோழிகள். அவை எங்கள் வாய்க்காலிலேயே கிளறிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஒரு பெட்டைக் கோழி பாத்தி ஓரத்தில் கழுத்தை மண்ணில் நீட்டிக் கிடந்தது. அதன் அலகிலிருந்து கோழை வழிந்திருந்தது. அக்கா கோழிச் சீக்கு என்றார். இரண்டாவது கோழி அடுத்த ஞாயிறன்று போனது. அதுவும் அதே இடத்தில்.

“உன் கீரையில அப்படி என்ன ருசியோ தங்கச்சி, என் கோழியெல்லாம் சாகறதுக்குக்கூட உன் வீட்டுக்குத்தான் வருது” என்று அக்கா சொன்னார். சொல்லிக்கொண்டே குழி தோண்டிப் புதைத்தார். நான் மண்வெட்டி எடுத்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அல்லது ஏதோ தோன்றி, எப்போதும் தோன்றுகிற நூறு பயங்களில் இதுவும் ஒன்று என்று தள்ளிவிட்டேனா என்று யோசிக்கிறேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்களுக்கு இது ஒரு கஷ்டம். உண்மையான பயம் வரும்போது அதற்கென்று தனி முகம் இருப்பதில்லை.

அந்த வாரமே குழந்தைக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. சட்டை முன்பக்கம் எப்போதும் நனைந்தே இருந்தது. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. கீரைச் சோற்றைக்கூடத் தள்ளினாள். அக்காவிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் விரலால் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பல்லு முளைக்குது. அதுக்குப் போயி நீ இப்படி வெளிறிப்போயி நிக்கிற” என்றார். என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். என் மனதை வேறு பக்கம் திருப்பத்தான் பேச ஆரம்பித்திருப்பார். “எங்க மாமா ஒருத்தரு, மூட்டு வலிக்குன்னு ஊர் சுத்துற பண்டாரம் ஒருத்தன் குடுத்த ரச மருந்தைத் தின்னாரு. வாய் வெந்துபோயி, இப்படித்தான் எச்சில் ஊத்துச்சு. பல்லு ஆடி ஒண்ணு கையோட வந்துருச்சு. பாப்பாவுக்குப் பல்லு வருது, அவருக்குப் பல்லு போச்சு. எச்சில் ஒண்ணுதான்.”

அவர் மேலும் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ரசம், பாதரசம் என்ற சொல்லும், கோழியின் அலகில் தொங்கிய கோழையும், சுவரின் துவாரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் எதிரே நின்றன. வீட்டுக்கு ஓடவில்லை. ஓடினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாதாரணமாக நடந்தேன்.

மதியம் என் கணவர் சாப்பிட வந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். முந்தின நாள் நான் “இப்ப” என்றபோது அழுத்திய தகட்டில் பறவை சரியாக விழுந்திருந்தது. அலகு தண்ணீரில், இறக்கை இரண்டும் மேலே, பின்னால் கோடு. ஆனால் வழக்கம்போல மங்கல். மருந்தில் போட்டு எடுத்துவிட்டால் துரைக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்றார். சோற்றில் கீரையைப் பிசைந்துகொண்டே பேசினார்.

“என்னங்க” என்றேன். “தகடு அலசுற தண்ணி எங்க போவுது?”

“வெளியதான்” என்றார்.

பிறகு அவர் கை நின்றது. ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தார். அதன் பிறகு ஆபீஸில் பேசுகிற குரலில் பேசினார். கரைசலைக் கொட்டவில்லை, தகட்டில் ஒட்டியிருப்பது துளிதான், அது இத்தனை வாளித் தண்ணீரில் கலக்கிறது, மண்ணில் இறங்குகிறது, செடி எவ்வளவு எடுக்கும், குழந்தை எவ்வளவு தின்றிருப்பாள், கணக்குப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றார். எல்லாம் நியாயமாகவே இருந்தது. நம்பியிருப்பேன். ஆனால் பேசிக்கொண்டே அவர் விரல்கள் கீரை கலந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கின. வெறும் சோற்றில் மோர் ஊற்றச் சொல்லி நீட்டினார். அவர் அதைத் தெரிந்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அவர் எழுந்து போய்க் கையாலேயே மண்ணை அள்ளி வாய்க்காலை அடைத்தார்.

அன்று இரவு குழந்தைக்கு உடம்பு கொதித்தது. விடிந்ததும் ரப்பர் ஷீட் ஏற்றிப் போகிற லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, அவர் பின்னால் ஏறிக்கொண்டார். துரைக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். துரையிடமிருந்து பதிலும் வந்தது: தாராளமாகப் போகலாம், டவுனுக்குப் போகிறபோது அந்தத் தகட்டையும் கொண்டுபோய் ஜப்பான்காரரிடம் கொடுத்து அழுத்தம் ஏற்றி வாங்கி வரலாம் என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு விஷயம் தெரியாது. என் கணவரின் தோள்பையில் ஒரு பக்கம் துணி சுற்றிய தகடும் மறுபக்கம் நீலப் புட்டியும் இருந்தன.

ஆற்றைக் கடக்க ஃபெர்ரிக்காகக் காத்திருந்தோம். கடல் பக்கம் வானம் கன்னங்கரேலென்று கிடந்தது. மழைக்கு முன் தாழ இறங்குகிற உழவாரன்கள் ஆற்றின்மேல் கூட்டம் கூட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தன. படகுத்துறையில் நின்ற மலாய்க்காரர்கள் மேகத்தைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். பட்டுப்போன மரத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய என் கண், நான் கேட்காமலே ஒவ்வொரு பறவையும் எங்கே வந்து சேரும் என்று முன்கூட்டிப் போய்ப் பார்த்தது. அதை நிறுத்த முடியவில்லை. குழந்தையின் எச்சில் என் தோளில் சூடாக இறங்கியது.

அக்கரையில் டவுன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் நான் என் கணவரைப் பார்த்தேன். என் கணவர்தான் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. தகடு, மருந்து, அலசிய தண்ணீர், துவாரம், பாத்தி, கோழிகள். நீலப் புட்டியை மேசைமேல் வைத்தார். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரும் எங்கள் துரையும் பழக்கமுள்ளவர்கள். அந்தப் பங்களாவுக்கு அவர் விருந்துக்கு வந்திருக்கிறார். இது உங்கள் துரையின் பறவைக்காகவா என்று கேட்டார். இல்லை, என் சொந்தப் பொழுதுபோக்குக்கு என்றார் என் கணவர். விசுவாசமா, பயமா, அல்லது அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா? நான் இதுவரை கேட்கவில்லை.

டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு பல் வந்துகொண்டிருக்கிறது, அதனால் இருக்கலாம், மற்றதாலும் இருக்கலாம், இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது என்றார். முட்டையின் வெள்ளைக்கருவைப் பாலில் அடித்து அடிக்கடி கொடுக்கச் சொன்னார். பாத்தியில் விளைந்த எதையும் யாரும் தொடக் கூடாது என்றார். கடைசியில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். இந்த விஷம் தங்கினால் சிறுநீரகத்தில்தான் போய் உட்காரும். குழந்தை சிறுநீர் போகிறாளா என்று பார்த்துக்கொண்டே இரு. நின்றுபோனால் உடனே கொண்டு வா. புட்டியைத் திருப்பித் தரவில்லை. தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

ஜப்பான்காரர் கடைப் பக்கம் போகவில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் செய்தது ஒரே வேலை. குழந்தைக்குக் கீழே பழைய வேட்டித் துணிகளை விரித்து, எடுத்து, தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரமாக இருந்தால் மூச்சு வரும். கொடியில் ஈரத்துணிகள் தொங்குவதைப் பார்ப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளைக்கருப் பாலை அவள் குடித்ததில் பாதி என்மேல் துப்பினாள். அக்கா தினமும் வந்து தன் கோழி முட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் தெரிந்த பிறகு அவர் கேலி பேசவில்லை. அதுவே எனக்குக் கலவரமாக இருந்தது.

ஒருநாள் துணி நனையவில்லை. காலையில் விரித்தது அப்படியே இருந்தது. முதலில் நான் கவனிக்காமல் மாற்றிவிட்டேனோ என்று கொடியில் போய்ப் பார்த்தேன். பிறகு பாய்க்கு அடியில் தொட்டுப் பார்த்தேன். மதியம் ஆயிற்று, துணி காய்ந்தே இருந்தது. குழந்தை அழவும் இல்லை, மடியில் கண்ணைத் திறந்து கிடந்தாள். உதட்டில் பாலாடை போல் ஏதோ படிந்திருந்தது. டிரஸர் வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார். லாரி மூவாருக்குப் போய்விட்டிருந்தது. துரையிடம் கார் கேட்டு வர என் கணவர் பங்களாவுக்குப் போனார்.

நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். வானம் இறங்கி வந்திருந்தது. கூரைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது, துணி கிழிகிற சத்தம், பிறகு இன்னொன்று, பிறகு நிறைய. குளத்தைவிட்டு வீட்டு மேலேயே வந்துவிட்டன. வாழை இலைகளை ஒட்டிக்கொண்டு பறந்தன. எதிரே கீரை யாரும் பறிக்காமல் முற்றி, தண்டு சிவந்து, இடுப்பு உயரம் நின்றது. இனிமேல் நடக்கப்போவது எல்லாம் எனக்குத் தெரிந்தது. கார் வருவதும், ஃபெர்ரி போய்விட்டிருப்பதும், துறையில் நாங்கள் உட்கார்ந்திருப்பதும். என் மடியில் இருப்பது கனக்கத் தொடங்குவது வரைக்கும் பார்த்துவிட்டேன்.

அப்போது என் தொடையில் சூடாக ஏதோ பரவியது. முதலில் மழைத்துளி என்று நினைத்தேன். அது நிற்காமல் பரவியது. புடவை நனைந்து, பாவாடை நனைந்து, படிக்கட்டில் சொட்டியது. நான் அசையவில்லை. அசைந்தால் நின்றுவிடும் என்று பயம். என் கணவர் காரோடு வந்தபோது அதே நிலையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தப்பாக நினைத்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டார். நான் ஈரத்தைக் காட்டினேன். அவர் படியில் உட்கார்ந்து கையை அந்த ஈரத்தில் வைத்துக்கொண்டார். துரையின் டிரைவர் கௌரவமாக வேறு பக்கம் திரும்பி நின்றான்.

பல் பிறகு முளைத்தது. காய்ச்சலும் எச்சிலும் அதோடு போயின. அதனால் எதுவும் தீர்ந்துவிடவில்லை. பல்தான் காரணம் என்றால் கோழிகள் ஏன் செத்தன? விஷம்தான் என்றால் எவ்வளவு போயிருக்கும், எவ்வளவு இன்னும் உள்ளே இருக்கும்? டாக்டர் அடுத்த முறை பார்த்துவிட்டு, வளரட்டும் பார்க்கலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் பல விதமாக யோசித்திருக்கிறேன்.

பாத்தியையும் வாழையையும் என் கணவர் ஆள் விடாமல் தானே வெட்டி எடுத்து, மண்ணோடு சாக்கில் கட்டித் தோட்டத்து எல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். துரை கப்பல் ஏறுமுன் அந்த மங்கலான தகட்டை அப்படியே வாங்கிப் போனார். அழுத்தம் ஏற்ற வேண்டாமா என்று துரை கேட்டதாகவும், தன்னிடம் மருந்து இல்லை என்று தான் பதில் சொன்னதாகவும் என் கணவர் சொன்னார். சீமையில் அதற்கு யாராவது மருந்து போட்டிருக்கலாம். அந்தப் பறவை இப்போது எங்கேயோ ஒரு சுவரில் கறுத்து, தெளிவாக, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கலாம். நான் அதைப் பார்க்க விரும்பவில்லை.

என் மகளுக்கு இப்போது ஓடி விளையாடும் வயது. மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருக்கிறாள். கொஞ்சம் மெலிவு. ஓடினால் சீக்கிரம் களைக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். எல்லாக் குழந்தையும் களைக்கும் என்று அக்கா சொல்வார். தினமும் காலையில் அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஈறைப் பார்ப்பேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பேன். நான் சொல்ல வேண்டியதே இல்லை. முகம் கழுவியதும் அவளே வந்து நின்று வாயைத் திறப்பாள்.

அவளுக்கு ஒரு தம்பி பிறந்திருக்கிறான். இப்போது அவனுக்குப் பல் முளைக்கிற பருவம், எச்சில் ஒழுகுகிறது. நேற்று நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவள் அவனை வாசற்படிவரை இழுத்து வந்து, முகவாயைப் பிடித்து அழுத்தி, வாயைத் திறக்க வைத்துத் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை. என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“தெரியலம்மா” என்றாள், கண்ணை எடுக்காமல். “நீ பார்ப்பியே, அதைத்தான்.”